மாமாவுக்கு வராத அழுகை ஆர்தருக்கு ஏன் வந்தது?

வாசகர் கேள்வி

மேடம், வணக்கம். எனக்கு வயது 26. ஊர் தங்கச்சிமடம். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவும் அண்ணனும் விசைப்படகுக்குப் போகிறவர்கள். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனியில் வேலை குறைவு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ் 4-இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற வீடியோ கேம் ஆடினேன். அதில் ஹீரோ ஆர்தர் மார்கன். இரண்டு மாதமும் நான் அவனாகவே இருந்தேன். ஆறாம் சாப்டர் முடிவில் டிபி முற்றி அவன் செத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா பதறி எழுந்து வந்து "யாருடா போனது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "என் தம்பி செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை, பொம்மைக்கு இப்படி அழுகிறியே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மா சொன்னது உண்மை. என் தாய்மாமா போன வருஷம் இறந்தார். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். கிட்னி போய் கடைசி ஆறு மாதம் டயாலிசிஸில் இருந்தார். ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு அலைந்தேன். அவர் இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. முதல் வருஷப் பூசையிலும் வரவில்லை.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. கேமில் அடுத்து ஜான் என்பவனாக ஆட வேண்டும். கன்ட்ரோலரை எடுத்தால் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் தினமும் படுக்கும் முன் ஆர்தர் சாகிற காட்சியை மட்டும் போனில் பார்க்கிறேன். அந்தக் கடன் வசூல் மிஷனில் நோயாளியை நான் அடிக்காமல் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானோ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், சாப்பிடுகிறேன். கொஞ்ச நாளாக இருமலும் இருக்கிறது. 'அதை விற்றுத் தொலை' என்கிறான் அண்ணன். துக்கத்துக்கு மறுப்பு, கோபம் என்று தொடங்கி ஐந்து நிலை உண்டாமே, நான் எதில் இருக்கிறேன்? நான் கல்மனசுக்காரனா, இல்லை பைத்தியமா?

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் இல்லை.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த கேமை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதி முடிச்சு தம்பியின் கடிதத்திலேயே அவிழ்ந்துவிட்டது, மீதியை நான் அவிழ்க்கப்போகிறேன்.

நான் கேம் ஆடுகிறவள் இல்லை. ஆனால் ஆர்தரை எனக்குத் தெரியும். என் மகன் லீவுக்கு வந்திருந்தபோது ஹாலில் இதை ஆடினான். கீரை ஆய்ந்துகொண்டே பார்க்க ஆரம்பித்தேன். ஆறாம் சாப்டர் வந்தபோது கீரையைக் கீழே வைத்துவிட்டேன். அதனால் உங்கள் கடிதம் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் வந்த கேம் இது. 1899-இன் அமெரிக்காவில் நடக்கிற கதை. ஆர்தர் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். கூட்டத்துக்காக வட்டிக் கடன் வசூலிக்கப் போகிற இடத்தில் டவுன்ஸ் என்கிற ஏழை விவசாயியை அடிக்கிறான். அந்த மனிதருக்குக் காசநோய். அடிபடும்போது இருமுகிறார், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. வெகு நாள் கழித்து ஆர்தர் தெருவில் மயங்கி விழுகிறான். டாக்டர் நோயின் பெயரைச் சொல்கிறார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882-இல். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். ஆர்தர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். நோய் எதுவென்று சொல்ல டாக்டர் இருந்தார், கொடுக்க மருந்து இல்லை.

சரி, உங்கள் அழுகைக்கு வருவோம்.

அந்த முடிவுக்கு முன்பே ஆர்தர் உங்கள் கையில் எத்தனையோ தடவை செத்திருப்பான். குதிரையோடு பள்ளத்தில் விழுந்திருப்பான், ரயிலில் அடிபட்டிருப்பான், முதலை இழுத்துப் போயிருக்கும். அதற்கெல்லாம் நீங்கள் அழவில்லை. 'சே' என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பீர்கள். ஃப்ரீ ஃபயர் ஆடுகிற பையன்களைப் பாருங்கள், ஒரு சாயங்காலத்தில் பத்து தடவை செத்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிட வந்து உட்காருவார்கள். கேமில் சாவு என்பது தப்புக்குக் கட்டுகிற அபராதம். கட்டினால் மேலே போகலாம். இரண்டு மாதமாக உங்கள் விரல்கள் பழகியது இந்தக் கணக்கைத்தான். கடைசியில் வந்த சாவுக்கு மட்டும் எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. நீங்கள் சரியாக ஆடாததால் வந்த சாவும் இல்லை அது. நன்றாக ஆடினால்தான் அந்த இடத்துக்கே போய்ச் சேர முடியும். ஜெயித்தவனுக்குக் கிடைக்கிற பரிசே சாவு என்றால் மனசு எதைப் பிடித்துக்கொள்ளும்?

இதில் நீங்கள் தனியாள் இல்லை. 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' கேமில் முதல் டிஸ்க் முடிகிற இடத்தில் ஏரித் என்ற பெண் கொல்லப்படுவாள். ஆயுதம் கொடுத்து, மந்திரம் கொடுத்து அவளை வளர்த்தவர்கள் ஆடியவர்கள்தான். அவளை எழுப்ப ஏதோ ரகசிய வழி இருக்கிறது என்ற வதந்தி வருஷக்கணக்காக அவர்களுக்குள் சுற்றியது. அப்படி ஒரு வழி இல்லவே இல்லை. 2010-இல் வந்த 'ஹேலோ: ரீச்' கேமின் கடைசிக் கட்டத்தில் வீரனுக்குக் கிடைக்கிற உத்தரவு ஒன்றே ஒன்று: உயிர் பிழைத்திரு. எவ்வளவு கெட்டிக்காரர் ஆடினாலும் அவன் பிழைக்க மாட்டான், எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். துக்கம் கோபமாக மாறி எல்லை தாண்டியதும் உண்டு. 2020-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்து நாயகன் ஜோயல் கொல்லப்பட்டபோது, கொன்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகைக்கு நிஜமாகவே கொலை மிரட்டல் வந்தது. நீங்கள் தேம்பி அழுதீர்கள், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

'பொம்மைக்கு அழுகிறாயே' என்ற கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆர்தர் என்று ஒருவன் கிடையாது. ஆனால் நேரில் பழகாத ஒருவருக்கு மனிதர்கள் அழுவது புதிதும் இல்லை. 2015 ஜூலை 30-ஆம் தேதி உங்கள் ஊருக்கு அடுத்த பேக்கரும்பில் கலாம் அவர்களை அடக்கம் செய்த நாளில் நீங்கள் பள்ளிக்கூடப் பையனாக அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கக்கூடும். அங்கே கண்ணைத் துடைத்தவர்களில் அவரோடு ஒரு வார்த்தையாவது பேசியவர்கள் எத்தனை பேர்? இந்த மாதிரி ஒருபக்க உறவைப் பற்றி 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். டிவியில் தினமும் வருகிறவரை நாம் வீட்டு மனிதராகவே நினைக்க ஆரம்பிக்கிறோம், அவருக்கு நம்மைத் தெரியாவிட்டாலும் நம் பக்கத்துப் பாசம் பாசம்தான் என்று. கதைக்கு அழுவதும் நம் பக்கத்தில் பழசு. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துத் திருவிழாக்களில் அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லோகிதாசன் எழுந்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும், போன வருஷமும் எழுந்தான். இருந்தும் சந்திரமதி அவனை மடியில் போட்டுப் பாடும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள்.

உங்களுடையது அதிலும் ஒரு படி அதிகம். நாடகத்தில் நாம் கீழே உட்கார்ந்து பார்க்கிறோம். ஆர்தரை நீங்கள் நடத்திக்கொண்டு போனீர்கள். தாடி வளர்ந்தால் மழித்தீர்கள், பசித்தால் சாப்பிட வைத்தீர்கள், குதிரைக்கு உடம்பு தேய்த்துவிட்டீர்கள். தங்கச்சிமடத்துப் பிள்ளை, தடைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து திரையில் மீன் பிடித்திருப்பீர்கள் என்றுகூட நினைத்தேன், சிரிப்பு வந்தது. ஆறாம் சாப்டரில் அவன் மெலிகிறான், கண் சிவக்கிறது, பேச்சுக்கு நடுவில் இருமுகிறான். அந்த உடம்பை அப்போதும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். சினிமா அப்படி ஒரு வேலையை நமக்குக் கொடுப்பதில்லை. ஆறு மாதம் ஒருவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போன உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கிறேன். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. ரயில் நிலையத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் ஆர்தர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்கிற காட்சி உங்களுக்கு வந்திருந்தால் நினைவிருக்கும். கதை முழுக்கத் துப்பாக்கியோடு திரிந்தவன் அவன். ஆலோசனைக்கு என்னிடம் வருகிற படகுக்காரர்களில் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஆம்பளை அபூர்வம். சொல்லத் தெரியாமல் நெஞ்சு வலிக்கிறது, தூக்கம் இல்லை, கை நடுங்குகிறது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பையனுக்கு அந்தக் காட்சி சும்மா போகாது.

குற்ற உணர்ச்சிக்கு வருவோம். டவுன்ஸை அடிக்காமல் விட்டிருந்தால் என்ற கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. விட முடியாது. அந்த வசூல் வேலையை முடிக்காமல் கதை நகராது. முடிவும் அப்படித்தான். நீங்கள் நல்லவனாக ஆடினீர்களா கெட்டவனாக ஆடினீர்களா, கூட்டாளி ஜானைக் காப்பாற்றப் போனீர்களா பணத்துக்குத் திரும்பினீர்களா என்பதைப் பொறுத்து அவன் சாகிற விதம் மாறும், சாவது மாறாது. மலைமேல் சூரியன் உதிப்பதைப் பார்த்தபடி அவன் கண் மூடினான் என்றால் நீங்கள் அவனுக்கு அமைத்துக் கொடுத்தது இருப்பதிலேயே அமைதியான முடிவு. ஆனாலும் 'எழுதியவர்கள் செய்தது, எனக்கென்ன' என்று உங்களால் உதற முடியவில்லை. ஏனென்றால் அடித்த பட்டனை அழுத்தியது உங்கள் விரல். அந்த உறுத்தல் வரவேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். பின்னால் டவுன்ஸின் மனைவியும் மகனும் எந்த நிலையில் எதிர்ப்படுகிறார்கள் என்று ஞாபகம் இருக்கும். அவர்களுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். அந்த இடத்தில் மட்டும் முடிவு உங்கள் கையில். நீங்கள் உதவியிருந்தால், கேம் உங்களிடம் கேட்டதைக் கொடுத்துவிட்டீர்கள். உதவவில்லை என்றால் அடுத்த தடவை ஆடும்போது செய்யுங்கள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் யோசிக்க எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இனி மாமா. கடிதத்தில் நீங்கள் அவருக்குக் கொஞ்சம் வரிகள்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனால் என்னை எழுத வைத்தது அவைதான்.

துக்க வீட்டில் யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்பதைப் பாசத்தின் அளவாக நம் ஊரில் பார்ப்பார்கள். அது தப்பான அளவு. ஒரு வீட்டில் உயிர் போனதும் முதல் மணி நேரத்தில் ஆரம்பிக்கிற வேலைகளை எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்து, ஆம்புலன்ஸ் பேசுவது, கடலில் இருப்பவர்களுக்குத் தகவல், சங்கத்துக்கு, கோயிலுக்கு, குழி வெட்ட ஆள், சாமியானா, நாற்காலி, கேதம் கேட்க வருகிறவர்களுக்கு டீ. இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? ஆறு மாதமாக நோயாளியோடு அலைந்தவனேதான், ஏனென்றால் எந்தச் சீட்டு எந்தப் பையில் இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார்கள். அழுவதற்கு என்று உங்களுக்கு ஒரு இடத்தை யாரும் ஒதுக்கவில்லை. அதோடு நீண்ட நோய் என்றால், சாவு வருவதற்கு முன்பே நாம் கொஞ்சம் கொஞ்சமாக அழுது முடித்திருப்போம், கண்ணீர் இல்லாமலே. மதுரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என்ன என்று நினைக்கிறீர்கள்?

ஆர்தர் செத்த ராத்திரியை இதோடு ஒப்பிடுங்கள். மணி இரண்டு. வீடு தூங்குகிறது. தூக்க வேண்டிய பிரேதம் இல்லை, டீ கேட்பவர் யாரும் இல்லை. அழ வைப்பதற்கென்றே இசை போட்டு, வெளிச்சம் போட்டு, நேரம் கொடுத்துச் செய்த காட்சி. என் மகன் அதற்கும் முன்னால் குதிரை விழுந்து, ஆர்தர் அதற்கு நன்றி சொன்ன இடத்திலேயே அழுதுவிட்டான். அழுகைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது. மாமா வீட்டில் எதுவும் இல்லை. இதை வைத்து யார்மீது பாசம் அதிகம் என்று கணக்குப் போட முடியாது.

'அப்படியானால் நான் அழுதது மாமாவுக்காகத்தானா?' என்று அடுத்துக் கேட்பீர்கள். என் தொழிலில் இருக்கிற சிலர் ஆமாம் என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆர்தரின் இருமலைக் கேட்கும்போது மாமா முகம் வந்ததா? வந்தது என்றால் வரட்டும். வரவில்லை என்றால் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். ஆர்தருக்கு ஆர்தருக்காகவே அழலாம், அதற்கு வேறு ஒரு சாவின் சிபாரிசு தேவையில்லை.

ஆனால் உங்கள் அம்மா பேசியது கேமைப் பற்றி இல்லை என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அவர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். 'உன் மாமா' என்று சொல்லவில்லை, 'என் தம்பி' என்று சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் மகன் அழுகிற சத்தம் கேட்டுப் பதறி எழுந்தவருக்கு, போன வருஷம் தன் தம்பியின் உடல் கிடந்தபோது இந்தப் பிள்ளை வாசலில் நின்று நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு வருஷமாக உள்ளே வைத்திருந்த குறை அது. உங்கள் ஆறு மாத அலைச்சல் அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் கூடப்பிறந்தவனை இழந்தவர், தன்னோடு சேர்ந்து யார் அழுதார்கள் என்றுதான் பார்ப்பார்.

அவரிடம் போய் கேமைப் பற்றி விளக்காதீர்கள், எடுபடாது. மாமாவைப் பற்றிப் பேசுங்கள். பாசிக்குப் போகாத ஒரு நாள் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, நீச்சல் கற்ற கதையைச் சொல்லுங்கள். முதல் தடவை உங்களைத் தண்ணீரில் தூக்கிப் போட்டாரா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாரா? ஆஸ்பத்திரியில் அவர் என்ன பேசினார், எதைச் சாப்பிட ஆசைப்பட்டார் என்று அம்மாவுக்குத் தெரியாதது எவ்வளவோ உங்களிடம் இருக்கும். அந்த ஆறு மாதமும் அவர் பக்கத்தில் அதிகம் இருந்தவர் நீங்கள்தான். 'எனக்கு அன்னைக்கு அழுகை வரலைம்மா, அலைச்சலில் மரத்துப்போச்சு' என்று சொல்ல முடிந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்லும்போதும் கண்ணீர் வராமல் போகலாம், பரவாயில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. இந்தத் தடவை மாமா கல்லறையைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்கிற வேலையை நீங்களும் அம்மாவும் சேர்ந்து செய்யுங்கள், கூலிக்கு விடாதீர்கள்.

கென்னத் டோகா என்ற அமெரிக்கர் 1989-இல் ஒன்றைச் சொன்னார். சில துக்கங்களுக்கு ஊர் அனுமதி கொடுப்பதில்லை. பிரிந்த காதலன், வளர்த்த நாய், கருவிலேயே கலைந்த குழந்தை. அழுதால் 'இதற்கா?' என்று கேட்பார்கள். கேட்பவர் இல்லாததால் அந்தத் துக்கம் ஆற நாளாகும் என்றார். ஆர்தரின் சாவை நான் இவற்றுக்குச் சமமாக வைக்கவில்லை. கருக்கலைந்த தாயின் வலியோடு ஒரு கேமை நிறுத்துப் பார்ப்பது அநியாயம். ஆனால் யாரிடமும் சொல்ல முடியாமல் போர்வைக்குள் போனை வைத்துப் பார்க்கிறீர்களே, அந்த ஒளிவில் கொஞ்சம் இதன் சாயல் இருக்கிறது. இதே கேமை முடித்த நண்பன் ஒருவன் இருந்தால் அவனோடு ஒரு சாயங்காலம் பேசுங்கள். மண்டபத்திலோ பாம்பனிலோ ஒருவனாவது இருப்பான். பாதி கனம் அங்கேயே இறங்கும்.

அந்த ஐந்து நிலையை விடுங்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. பின்னால் எல்லாத் துக்கத்துக்கும் அதை ரயில்வே கால அட்டவணை மாதிரி ஆக்கிவிட்டார்கள். நீங்கள் எந்த ஸ்டேஷனிலும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. தினமும் ராத்திரி அந்தச் சாவுக் காட்சியைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதில் எல்லாம் நான் உங்கள் பக்கம், இதில் மட்டும் கறார். இரண்டு மாதம் அவனோடு இருந்திருக்கிறீர்கள். அவன் சிரித்ததும் குடித்ததும் சின்னப் பையனுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்ததும் இருக்கிறது. மூன்று மாதமாகக் கடைசிச் சில நிமிடத்தை மட்டுமே ஓட்டினால் அந்தச் சில நிமிடம்தான் ஆர்தர் என்று மனசில் பதிந்துவிடும். பார்க்காமல் தூக்கம் வரவில்லை என்றால் முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் ஏதாவது இருந்தால் திறந்து, இரண்டாம் சாப்டரில் போய்க் கொஞ்ச நேரம் மீன் பிடித்துவிட்டுப் படுங்கள். மாமாவின் கடைசி ஆறு மாதத்துக்கும் இதே நியாயம்தான்.

அப்புறம் ஜான். அவனாக ஆடுவது துரோகம் இல்லை. ஆர்தர் தன் தொப்பியையும் பையையும் கொடுத்து ஓடச் சொன்னது இவனைத்தான். இவன் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் அங்கே நின்றான். நீங்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்த இடத்தில் ஜானும் நின்றுகொண்டிருக்கிறான். ஆடிப் பாருங்கள். ஆர்தரின் நாட்குறிப்பு இவன் கையில் இருக்கும், அதில் இவனும் எழுதுவான், படம் மட்டும் ஆர்தர் அளவுக்கு வராது. ஆர்தரை அநாதையாக விட்டுவிடவில்லை, அவனைப் புதைத்தவர் ஒருவர் உண்டு. சாயங்கால வெயில் படுகிற மாதிரி திசை பார்த்துப் புதைத்திருக்கிறார். அந்தக் கல்லறைக்கு நீங்கள் போகலாம். நல்லவனாக ஆடியிருந்தால் அங்கே பூ பூத்திருக்கும். எங்கே என்று சொல்ல மாட்டேன், தேடிப் போங்கள். முதலிலிருந்து மறுபடி ஆட ஆசை வந்தால் இதையெல்லாம் முடித்த பிறகு ஆடுங்கள். இப்போதே திரும்ப ஆரம்பித்தால் அவனைச் சாக விடாமல் இழுத்துப் பிடிக்கிற வேலையாகத்தான் முடியும். (2010-இல் வந்த முதல் பாகத்தை நீங்கள் ஆடவில்லை போலிருக்கிறது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. ஆடிவிட்டு வேண்டுமானால் இன்னொரு கடிதம் போடுங்கள்.)

வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன் என்று எழுதியிருப்பதால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, கம்பெனிக்குப் போகவே பிடிக்காமல் போனாலோ, வாழ்ந்து என்ன என்கிற மாதிரி ஒரு நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 'கேமுக்காக வந்தேன்' என்று சொல்ல வெட்கமாக இருந்தால் தூக்கம் வரவில்லை என்று ஆரம்பியுங்கள், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

பிஎஸ் 4-ஐ விற்பதா என்பது அண்ணனுக்கும் உங்களுக்கும் உள்ள பிரச்சினை. பணத் தேவைக்கு விற்றால் விற்றுக்கொள்ளுங்கள். அழுததற்குத் தண்டனையாக விற்க வேண்டாம்.

கடைசியாக அந்த இருமல். நோயாளியோடு மனசு ஒன்றிப்போனவர்களுக்குத் தொண்டை செருமுவது, மார்பு அடைப்பது எல்லாம் வருவது உண்டு. அப்படியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் ஆறு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்திருந்தவர், எத்தனை நாளாக இருமுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இலவசம்தான். ஒருவேளை டிபி என்றே வந்தாலும் சாதாரண வகை என்றால் ஆறு மாதம் மாத்திரை, அதுவும் அரசே தரும், விடாமல் சாப்பிட்டால் குணமாகும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எதற்கும் இந்த வாரமே போய்விட்டு, ரிசல்ட் என்ன வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.